குதிரையின் முதுகு ஏன் இறுகுகிறது, எப்படித் தளர்கிறது

சேணத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனதுமே காதுகளைப் பின்னுக்கு மடக்குகிற குதிரையையும், வயிற்றுவாரை இழுத்துக் கட்டும்போது திரும்பிக் கடிக்க வருகிற குதிரையையும், ஆள் ஏறியதும் முதுகைக் கீழே அமிழ்த்திக்கொண்டு குறுகக் குறுக அடியெடுத்து வைக்கிற குதிரையையும் ‘குணம் சரியில்லை’ என்று ஒதுக்கிவிடுவது எங்கள் லாயத்திலும் ஒரு காலத்தில் வழக்கமாகத்தான் இருந்தது. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவே, மலைச்சரிவில் உள்ள ஒரு சிறிய லாயத்தில், வார இறுதிகளில் புதியவர்களுக்குச் சவாரி கற்றுத்தர உதவி செய்கிறேன். அங்கே வரும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் குதிரையின் முதுகு பலகைபோல இருப்பதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தேய்த்துவிட்டால் சரியாகிவிடுமா?” என்று கேட்பார்கள். தேய்ப்பதால் பயன் உண்டு. ஆனால் அது வரிசையில் கடைசியாக வரவேண்டிய வேலை. அப்படிச் சொல்வதற்குக் காரணம் முதுகின் அமைப்பிலேயே இருக்கிறது.

குதிரையின் விலாக்கூட்டுக்கு மேலே 18 முதுகு முள்ளெலும்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றோடு 18 இணை விலாவெலும்புகள் சேர்கின்றன. அதற்குப் பின்னால், இடுப்புப் பகுதியில், பெரும்பாலான குதிரைகளுக்கு 6 முள்ளெலும்புகள் உண்டு. அந்தப் பகுதிக்கு விலாவின் தாங்கல் இல்லை. ஆகவே சேணத்தின் கனம் அங்கே விழக் கூடாது. முதுகுத்தண்டின் இரு பக்கமும், இடுப்பெலும்பிலிருந்து கழுத்தின் அடிவரை, நீண்டு தடித்த ஒரு தசை ஓடுகிறது. நாம் சேணம் வைப்பது இந்தத் தசையின் மேல்தான். பார்வைக்கு மெத்தைபோல இருப்பதால், சுமை தாங்குவதற்கென்றே அது படைக்கப்பட்டதாக நினைத்துக்கொள்கிறோம். அதன் வேலை வேறு. பின்னங்கால்கள் தரையை உந்தும்போது எழும் விசையை முன்னுக்குக் கொண்டுபோவதும், ஒவ்வோர் அடியிலும் உடல் அளவுக்கு மீறி வளையாமலும் முறுகாமலும் பார்த்துக்கொள்வதும்தான் அதன் தொழில். சுருங்கவும் விடவும், மறுபடி சுருங்கவும் விடவும் வேண்டிய தசை அது. தண்ணீர் வாளியைத் தொங்கவிட்டபடி லாயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துவிடலாம். அதே வாளியைக் கையை நீட்டி அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றால், ஒரு நிமிடம் ஆவதற்குள் கை நடுங்கத் தொடங்கும். இடைவிடாமல் சுருங்கியே இருக்கும் தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் வலிக்கிறது, வலிக்கும் இடத்தைக் காத்துக்கொள்வதற்காகத் தசை இன்னும் இறுகுகிறது. முதுகு இறுக்கம் என்று நாம் சொல்வது இந்தச் சுழலைத்தான்.

அப்படியானால் ஆளின் எடையை எது தாங்குகிறது? நெதர்லாந்து விலங்கியலாளர் ஸ்லைப்பர் 1946இல் முன்வைத்த ஓர் உவமை இதற்கு விடை தருகிறது. நமக்குப் பழகிய பொருளைக் கொண்டே சொல்லப்பட்டது என்பதால் எளிதில் மனத்தில் பதியும். குதிரையின் முதுகுத்தண்டு ஒரு வில். மார்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பின் அடிவரை வயிற்றின் கீழே ஓடும் தசைகள் அந்த வில்லின் நாண். நாண் இழுபட்டால் வில்லின் நடுப்பகுதி மேலே எழும். நாண் தளர்ந்தால் வில் தட்டையாகும். ஆகவே முதுகைத் தூக்கி நிறுத்துவது முதுகுத் தசை அல்ல, வயிறுதான். வயிறு தன் வேலையைச் செய்யாதபோது முதுகு பள்ளமாகிறது. மேலும் பள்ளமாகாமல் தடுக்க முதுகின் நீண்ட தசை தனக்கு உரியதல்லாத வேலையை எடுத்துக்கொண்டு இறுகி நிற்கிறது.

தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். பழகியவர் வயிற்றை உள்ளிழுத்து, முழங்காலைச் சற்றே தளர்த்தி, காவடி தோளில் ஆடுவதற்கு இடம்கொடுத்து நடப்பார். முதல் முறை எடுப்பவர் இடுப்பை முன்னே தள்ளி, முதுகைப் பின்னுக்கு வளைத்து, உடம்பைக் கட்டையாக்கிக்கொண்டு நடப்பார். கோயில் வாசல் வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவருடைய இடுப்பை எவ்வளவு நீவிவிட்டாலும், மறுபடி அப்படியே நடந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். முதுகு இறுகிய குதிரை அந்தப் புதியவரின் நிலையில் இருக்கிறது.

முன்பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மனிதர்க்குத் தோளை மார்பெலும்போடு இணைக்கும் காறையெலும்பு உண்டு, குதிரைக்கு அது கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே அதன் மார்புக்கூடு, தூளியில் கிடக்கும் குழந்தையைப் போலத் தசைகளால் மட்டுமே தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்தத் தூளித் தசைகள் தளர்ந்து போனால் மார்புக்கூடு கீழே இறங்கும். அதோடு சேர்ந்து, பிடரிமயிர் முடியும் இடத்தில் உயர்ந்திருக்கும் தோள்மேடும் தாழும். சேணமும் முன்னுக்குச் சரியும். முதுகின் நோய் என்று நாம் பார்ப்பதன் வேர், சில வேளைகளில் முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது.

கழுத்துக்கும் இதில் பங்கு உண்டு. தலையின் உச்சியிலிருந்து தோள்மேடுவரை உறுதியான ஒரு தசைநார் ஓடுகிறது. அது முதுகின் மேலும் தொடர்கிறது. குதிரை மேயும்போது தலை தாழ்வதால் இந்த நார் இழுபட்டு, தோள்மேட்டின் உயர்ந்த எலும்பு முனைகளை முன்னோக்கிச் சாய்க்கிறது. அதனால் முதுகு தானாகவே சற்று எழுகிறது. நாள் முழுவதும் தலை தாழ்த்தி மேய்வது குதிரைக்கு உணவு மட்டுமல்ல, முதுகுக்கு ஓய்வும்கூட. இதை நம் ஊர்ச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் குதிரை வைத்திருக்கும் எவரும் ஆப்பிரிக்கக் குதிரைக் காய்ச்சலுக்கு அஞ்சாமல் இருக்க முடியாது. அந்தி முதல் விடியல் வரை பறக்கும் மிகச் சிறிய கொசு போன்ற பூச்சிகளால் பரவும் அந்த நோய்க்கு மருந்து இல்லை என்பதால், கோடையின் பிற்பகுதியிலிருந்து முதல் உறைபனி விழும்வரை, சூரியன் சாய்வதற்கு முன்பே குதிரைகளை உள்ளே கட்டிவிடுகிறோம். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் உள்ளே கட்டிய குதிரைக்கு முன்னால் வைக்கோல் வலையை உயரத்தில் தொங்கவிட்டால், பன்னிரண்டு மணி நேரமும் அது தலையை நிமிர்த்தி, முதுகைப் பள்ளமாக்கியே தின்கிறது. டெஃப் புல்லோ எராக்ராஸ்டிஸ் புல்லோ, எதுவானாலும் தரையில் போடுங்கள். கொஞ்சம் மிதிபட்டு வீணாகும், லாயக்காரர் முணுமுணுப்பார். ஒரு ரேண்டும் செலவில்லாமல் முதுகுக்குச் செய்யக்கூடிய உதவிகளில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி, காரணத்தைத் தேடுவது. நான் செய்த பிழையிலிருந்து தொடங்குகிறேன். பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு செம்பழுப்புக் குதிரை எங்களிடம் வந்தது. சேணத்தைக் கண்டாலே வாலைச் சுழற்றும். நான் ஒரு மாதம் காலையும் மாலையும் அதன் முதுகை நீவிவிட்டேன். நீவிய அன்று நன்றாக இருக்கும், மறுநாள் பழையபடி பலகையாகிவிடும். ஒருநாள் சவாரி முடிந்து சேணத்தை இறக்கியபோது, குதிரை பராமரிக்கும் ஜூலுப் பெரியவர் என்னைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினார். உடல் முழுவதும் வியர்வையில் நனைந்திருக்க, தோள்மேட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்த திட்டு இருந்தது. சேணத்தின் முன்வளைவு அந்தக் குதிரைக்குக் குறுகல். அழுத்தம் மிகுந்த இடத்தில் வியர்வை சுரக்கவில்லை. ஒரு மாதமாக நான் காலையில் தளர்த்தியதை, மாலையில் அதே சேணம் கவ்விக்கொண்டிருந்தது. குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்று நம்மவர் சொல்வார்கள். இங்கே குழி பறித்தது குதிரையல்ல, நான்.

சேணம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ஆள் ஏறிய பிறகும் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அடியில் உள்ள இரண்டு பஞ்சுத் திண்டுகளுக்கும் நடுவிலான வழி, முதுகுத்தண்டை எங்கும் தொடாத அளவுக்கு, மூன்று நான்கு விரல் அகலமாக இருக்க வேண்டும். திண்டுகள் முன்னும் பின்னும் மட்டும் தொட்டு நடுவில் பாலம்போல நிற்கக் கூடாது. கடைசி விலாவைத் தாண்டிப் பின்னே போகவும் கூடாது. இறுகிய சேணத்துக்கு அடியில் கனமான துணியை மடித்து வைப்பது, இறுகிய செருப்புக்குள் இன்னொரு காலுறையை மாட்டுவதற்கு ஒப்பாகும். குதிரையின் முதுகு பருவத்துக்கும் வேலைக்கும் ஏற்ப இளைக்கும், தடிக்கும். ஆகவே கடந்த ஆண்டு பொருந்திய சேணம் இவ்வாண்டும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. சேணம் பதியும் இடத்தில் வெள்ளை மயிர் முளைத்திருந்தால், அது பழைய அழுத்தம் விட்டுப்போன தடம்.

சேணத்துக்கு அடுத்தபடியாகப் பல்லும் குளம்பும். வாயின் ஒரு பக்கம் பல் கூராகிக் குத்தினால் குதிரை கடிவாளத்துக்கு எதிராகக் கழுத்தை விறைக்கும், கழுத்து விறைத்தால் முதுகும் விறைக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது பல்லைப் பார்க்கச் சொல்ல வேண்டும். லாடம் அடிப்பவர் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். பின்னங்காலில் மெல்லிய நொண்டல் இருந்தால், அந்தக் காலைக் காப்பாற்றக் குதிரை முதுகைத்தான் பயன்படுத்தும். இது கண்ணுக்கு எளிதில் தெரியாது, கால்நடை மருத்துவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பந்தயக் குதிரைகளைப் பற்றித் தனியாகச் சொல்வதற்குக் காரணம், நம் பகுதியில் சவாரி கற்போருக்குக் கிடைக்கும் குதிரைகளில் பல அப்படி ஓய்வுபெற்று வந்தவை. ‘டர்பன் ஜூலை’ என்னும் குதிரைப் பந்தயம் 1897 முதல் நடைபெற்றுவருகிறது. அது ஓடப்படும் கிரேவில் மைதானம் வலப்பக்கமாகச் சுற்றுவது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ஸ்காட்ஸ்வில் மைதானமும் அப்படியே. ஒரே பக்கமாக வளைந்து வேகம் எடுத்துப் பழகிய உடலில் இரு பக்கத் தசைகளும் ஒரே அளவில் வளர்ந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நாலுகால் பாய்ச்சலில் ஜாக்கி குட்டையான அங்கவடியில் எழும்பி, தோள்மேட்டுக்கு மேல் குனிந்து நிற்கிறார். அவருடைய எடை முதுகின் நடுவில் அழுந்தி உட்காருவதில்லை. அங்கிருந்து வந்த குதிரையின் மேல் நாம் பெரிய சேணத்தைப் போட்டு, முதல் நாளே அரை மணி நேரம் கனமாக உட்கார்ந்துவிடுகிறோம். அந்தச் சுமைக்குரிய வயிற்றுத் தசை அதற்கு இன்னும் வளரவில்லை. அது துள்ளினால் குணக்கேடு என்கிறோம்.

கையால் சோதிக்கும் முறை எளியது, ஆனால் அவசரப்படக் கூடாது. குதிரையைச் சமதரையில், நான்கு காலும் சீராக ஊன்றும்படி நிறுத்துங்கள். தோள்மேட்டுக்குப் பின்னாலிருந்து தொடங்கி, முதுகுத்தண்டிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, விரல்களின் தட்டையான பகுதியால் மெல்ல அழுத்தியபடி பின்தட்டுவரை போங்கள். நல்ல தசை, பிசைந்து வைத்த ரொட்டி மாவைப் போல அழுத்தத்துக்கு இடங்கொடுத்து மீளும். இறுகிய தசை கல்லாக நிற்கும், அல்லது விரல் பட்ட இடத்தில் படபடவென்று துடிக்கும். இதில் ஒரு குழப்பம் உண்டு: விரல் நுனியைக் கூராக ஊன்றி இழுத்தால், வலி இல்லாத குதிரையும் முதுகைத் தாழ்த்தும். அது இயல்பான எதிர்வினை. தாழ்த்திவிட்டு உடனே மீண்டும் எழுப்பினால் கவலை இல்லை. எழுப்பாமல் விறைத்து நின்றாலோ, காது மடங்கினாலோ, காலைத் தூக்கினாலோ வலி என்று கொள்ளலாம்.

ஒரு நிலையில் மட்டும் கையை வைக்கவே கூடாது. வேலையின் நடுவிலோ முடிந்த சிறிது நேரத்திலோ குதிரை திடீரென்று நகர மறுத்து, பின்தட்டுத் தசைகள் கல்லாகி, வியர்த்துக் கொட்டி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால், அது சாதாரண இறுக்கம் அல்ல, தசை இழைகள் சிதைந்துகொண்டிருக்கின்றன. அதை நடக்க வைக்காதீர்கள், தேய்க்காதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள்.

காரணம் நீங்கிய பிறகே தளர்த்தும் வேலை தொடங்குகிறது. அதில் பெரும்பங்கு நடைக்கு உரியது. சவாரியின் முதல் பத்துப் பதினைந்து நிமிடம், கடிவாள வாரை நீளமாக விட்டு, வெறும் நடை. அதற்கு முன் டிராட் எனப்படும் துள்ளோட்டம் வேண்டாம். குதிரை நடக்கும்போது அதன் விலாக்கூடு இடமும் வலமும் ஆடுகிறது. பின்னங்கால் ஒவ்வொன்றும் அடிவயிற்றுக்குக் கீழே வரும்போது நாண் இழுபடுகிறது, விடுபடுகிறது. இந்த ஆட்டத்தைவிட நல்ல மருத்துவம் முதுகுத் தசைக்குக் கிடையாது. சூடு ஏறிய பிறகு, டிராட்டில் கழுத்தை முன்னும் கீழும் நீட்ட விடுங்கள். மூக்கு முன்னே நீள வேண்டும். மார்பை நோக்கி மடங்கக் கூடாது. தலை தாழ்ந்திருந்தாலும் பின்னங்கால் சோம்பலாக இழுபட்டால் குதிரை எடையை முன்னங்கால்களின் மேல் சாய்த்து ஓடுகிறது என்று பொருள். அதனால் முதுகுக்கு எந்தப் பயனும் இல்லை. டிராட்டில் எந்த அடிக்கு எழுந்து எந்த அடிக்கு உட்காருகிறீர்கள் என்பதை, சுற்றும் திசையை மாற்றும்போதெல்லாம் மாற்றுங்கள். எப்போதும் ஒரே அடியில் உட்கார்ந்தால் ஒரு பக்கமே கனம் வாங்கும். ஏறும்போது தரையிலிருந்து தொங்கி ஏறாமல் படிக்கட்டையைப் பயன்படுத்துங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு: 500 கிலோ குதிரைக்கு 100 கிலோ. முதுகு பலவீனமான குதிரைக்கு அதுவும் அதிகம்.

மேட்டில் ஏறுவது நாணை வலுப்படுத்தும். நம் பக்கத்தில் மேட்டுக்குப் பஞ்சமில்லை. கரும்புத் தோட்டத்து மண்பாதையில் மெல்ல ஏறும் நடை, மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடுவதைவிட மேல். இறக்கத்தில் அவசரமே கூடாது. தரையில் நான்கைந்து கட்டைகளை, நடைக்கு ஏறக்குறைய 80 செ.மீ. இடைவெளியில் கிடத்தி, அவற்றைத் தாண்டி நடக்கவிட்டால் குதிரை கால்களை உயர்த்தும், தானாகவே கழுத்தைத் தாழ்த்திப் பார்க்கும். வயிறு வேலை செய்யும்.

சேணம் இல்லாமல் செய்யக்கூடிய ஒரு பயிற்சி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். ஒரு கேரட்டைக் காட்டி, குதிரையின் தாடை அதன் மார்பைத் தொடும்படியும், பிறகு முன்முழங்கால்களுக்கு நடுவிலும், பிறகு குளம்புக்கு அருகிலும் வரும்படியும் செய்ய வேண்டும். பின் இடமும் வலமும் வயிற்றுவார் கட்டும் இடம், இடுப்பு, பின்னங்கால் மூட்டு என்று கழுத்தை வளைக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு நிலையிலும் சில நொடி நிற்க வைப்பதில்தான் பயன். வெடுக்கென்று பறித்துத் தின்றுவிட்டால் பயன் இல்லை. முதுகுத்தண்டை ஒட்டி, எலும்புக்கு எலும்பு குறுக்கே ஓடும் சிறிய ஆழ்தசைகள்தான் தண்டை நிலையாகப் பிடிப்பவை. முதுகு வலித்த குதிரைகளில் அவை மெலிந்துபோகின்றன. 2011இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தப் பயிற்சிகளை ஒவ்வொன்றும் ஐந்து முறையாக, வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று மாதம் செய்த 8 குதிரைகளில் அந்த ஆழ்தசை தடித்திருந்தது. மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். மூன்று நாளில் எதுவும் தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் பிறகே நீவுதல். வேலைக்கு முன் வெந்நீரில் பிழிந்த துண்டைச் சில நிமிடம் முதுகில் போட்டுவைத்து, உள்ளங்கையால் மயிர் படியும் திசையில், தோள்மேட்டுக்குப் பின்னிருந்து நீளமாக, உங்கள் உடலின் எடையைச் சாய்த்துத் தடவுங்கள். எலும்பின் மேல் அழுத்தாதீர்கள்; புதிதாக வீங்கிய இடத்தில் சூடும் வேண்டாம், கையும் வேண்டாம். எவ்வளவு அழுத்துவது என்று குதிரையே சொல்லும். கண் பாதி மூடி, கீழுதடு தொங்கி, வாயை மென்று, பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தினால் அந்த அழுத்தம் போதும். தலையை உயர்த்தி உங்களிடமிருந்து விலகினால் பாதியாகக் குறைக்க வேண்டும். ஆயா வைத்திருக்கும் மூட்டுவலித் தைலத்தைக் கொண்டுவந்து பூசலாமா என்று ஒரு பையன் கேட்டான். மிளகாய்ச் சத்தோ அதுபோன்ற காரமோ கலந்த தைலத்தைப் பூசி, அதன்மேல் சேணத்தைப் போட்டால் தோல் வெந்துபோகும். தவிரவும், மிளகாயின் காரப்பொருள் பன்னாட்டுச் சவாரிப் போட்டிகளில் தடை செய்யப்பட்டது. தைலம் ஆயாவின் முழங்காலுக்கே இருக்கட்டும்.

இத்தனையும் செய்து மூன்று நான்கு வாரமாகியும் மாற்றம் இல்லை என்றால், முதுகெலும்புகளின் மேல்முனைகள் ஒன்றோடொன்று நெருங்கி உரசும் நிலை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். பந்தய இனக் குதிரைகளில், சரியாகச் சேணம் அமரும் பகுதியிலேயே, அது அடிக்கடி காணப்படுகிறது.

முன்னேற்றத்தை அறிய நான் இப்போது பார்ப்பது இரண்டைத்தான். சவாரியின்போது குதிரை மூக்கால் புர்ரென்று ஊதி, வாலை இறுக்காமல் முதுகின் ஆட்டத்தோடு இரு பக்கமும் ஆடவிடுகிறதா என்பது ஒன்று. சேணத்தை இறக்கியதும் தெரியும் வியர்வைத் தடம் மற்றொன்று. அந்தச் செம்பழுப்புக் குதிரைக்கு அகலமான சேணம் வந்த பிறகு, வாரம் ஒரு முறை அதன் முதுகைக் கைப்பேசியில் படம் எடுத்துத் தேதி குறித்து வைத்தேன். உலர்ந்த திட்டுகள் முதல் வாரமே மறைந்தன, வாலைச் சுழற்றுவது நிற்க ஏழு வாரம் ஆயிற்று.